அடுப்புக்காரரின் படுக்கையறை

அடுப்புக்காரரின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏழேகால் மணிக்கு. ரொட்டித் தொழிற்சாலை அடுப்பில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், மாவு படிந்த செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் பெட்டி இருந்தது. ஏழு வயது மகள் அதன் மேல் உட்கார்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை.

"அம்மா வீட்டுக்குப் போறோம். சுவர் காய்ஞ்சா சொல்லுங்க, வர்றோம்" என்றாள் மனைவி. இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். "காய்ஞ்சான்னு சொன்னேன். பெயிண்ட் அடிச்சான்னு சொல்லலை."

அப்படிச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. படுக்கையறைச் சுவரில் கறுப்புப் பூசணம் படர்ந்தபோதெல்லாம் அவர் நீர்க்காப்பு பெயிண்ட் வாங்கி அடித்து மூடியிருந்தார். நாலு வருஷத்தில் மூன்று தடவை. இரண்டு மாதம் சுவர் பளிச்சென்று இருக்கும். பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து கறுப்பு மெல்லத் தலைகாட்டும். அந்த அறையில் மகளைப் படுக்க வைத்தால் மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பகலில் தூங்குகிறவருடைய அறை அது. காற்றுத் துவாரத்தில் அட்டையைத் திணித்து டேப் ஒட்டியிருந்தார். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புச் சாயம். மழை நாளில் துணி காயப்போடுகிற கொடியும் அங்கேதான். நட்டநடுப் பகலில் கையை நீட்டினால் கை தெரியாது என்று தொழிற்சாலையில் பெருமையடித்துக்கொள்வார்.

தண்ணீர் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் குளியலறைக் குழாயிலிருந்து கசிகிறது என்பது அவர் முடிவு. அன்றே போய்ச் சத்தம் போட்டார். தையல்காரர் பதிலுக்குக் கத்தவில்லை. அவரை உள்ளே அழைத்து, அதே சுவரின் மறுபக்கத்தில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். சுவர் காய்ந்த அட்டை மாதிரி இருந்தது. "புழுங்கி வேகுறது உங்க பக்கம்தாங்க" என்றார் தையல்காரர்.

நாலாவது டப்பா கேட்டுப் போனபோது ஹார்டுவேர் கடைக்காரருக்கே மனசு கேட்கவில்லை. "டப்பா விக்கிறவன் வேணாம்னு சொல்லக் கூடாதுண்ணே. இருந்தாலும் சொல்றேன்" என்று ஒரு வழி சொன்னார். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் கழித்து, தாளுக்கு அடியில் ஈரம் இருந்தால் சுவரில் கசிவு. மேலே இருந்தால் அறைக் காற்றில்தான் கோளாறு.

ரொட்டிக் கவர் ஒன்றைப் பிரித்து ஒட்டினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் டார்ச் அடித்துப் பார்த்தார். கவரின் மேல் முத்து முத்தாகத் தண்ணீர். உரித்துப் பார்த்தால் அடியில் ஒன்றுமில்லை.

அதற்கு அர்த்தம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூடு ஆறாமல் ரொட்டியைக் கவரில் போட்டால் வியர்க்கும், மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும் என்று விடிந்தால் பேக்கிங் பகுதியில் தொண்டை கிழியக் கத்துகிறவர் அவர்தான்.

காற்றுத் துவாரத்து அட்டையைப் பிடுங்கினார். கண்ணாடிச் சாயத்தை பிளேடால் சுரண்ட இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. சமையலறையில் புகை இழுக்கும் ஃபேனுக்குத் தானே ஓட்டை போட்டார். முதல் ஓட்டை இரண்டு விரல் தள்ளிப்போய், அடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினார். கொடி மொட்டைமாடிக்குப் போனது. மூக்கைக் கட்டிக்கொண்டு பூசணத்தை பிளீச்சிங் தண்ணீரால் கழுவி, பெயிண்ட்டை சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டினார். மேலே எதையும் பூசவில்லை.

ஒன்பது மணி வெயில் நேராகத் தலையணையில் விழுந்தது. கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டும் பதினோரு மணிக்கு மேல் தூக்கம் நிலைக்கவில்லை. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தட்டு ரொட்டியைக் கருகவிட்டார்.

"வீட்டுக்கு வெளிச்சம் வந்ததும் ரொட்டி இருட்டிப்போச்சே, அடுப்புக்காரரே" என்றாள் பேக்கிங் அக்கா. மறுநாள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கனமான துணியைத் தொங்கவிட்டு, காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். படுக்கையறை வெயிலோடும் காற்றோடும் ஆளில்லாமல் கிடந்தது.

கறை தெரிகிற மொட்டைச் சுவரைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். "பெயிண்ட் அடிக்கலை" என்று மட்டும் எழுதினார். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை. மழைக்காலம் முழுக்கப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை அதே சுவர், அதே கோணம். கறுப்பு திரும்பத் தலைகாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போனில் பேசுவாள். அவர் அவள் பேச்சைவிட மூச்சைத்தான் கவனித்துக் கேட்பார். மனைவி சுவர்ப் பேச்சை எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து போனைப் பார்த்தார். மனைவி அனுப்பியிருந்தாள்.

"ஸ்கூல் லீவு விட்டாச்சு. சனிக்கிழமை பத்து மணி பஸ்ல வர்றோம். நீங்க தூங்குற நேரம், எழுந்து வர வேணாம். சாவி என்கிட்ட இருக்கு."