மேட்டுப்பாத்தியில் ஒரு பைக்

எர்ணாவூரில் எங்கள் பிளாக்குக்குப் பின்னால் மேட்டுப்பாத்தி போட, காலையெல்லாம் கண்ணாடிச் சில்லு பொறுக்கி, தரையை மட்டம் செய்து, சுற்றிலும் செங்கல் அடுக்கினேன்.

டீ குடித்துவிட்டு வந்தால், செங்கல்லுக்கு நடுவில் ஒரு பைக்.

கீழ்வீட்டு அண்ணனுடையது. ஜன்னலில் நின்றிருந்தார்.

“இங்கதாம்மா வண்டி சாயாம நிக்கிது. நீ செடிய வேற எங்கனா வச்சிக்கோ.”

மண் மூட்டையைப் பிரித்துப் பின்சக்கரத்தைச் சுற்றிக் கொட்ட ஆரம்பித்தேன்.

“இன்னாமா பண்ற?”

“கீரை வெதைக்கப் போறேண்ணா. வண்டி அப்டியே நிக்கட்டும், நான் சுத்தி வெதைச்சிக்கிறேன்.”

அடுத்த மூட்டையைத் தூக்குவதற்குள் சாவியோடு வந்து வண்டியை எடுத்துவிட்டார்.

சாயங்காலம் அவர் மனைவி வந்தார். “கீரை வந்தா எங்களுக்கும் ஒரு கட்டு குடும்மா.”

டயர் அழுத்தி இறுகிப்போன இடத்தில் விளைவது முழுக்க அவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே என்ன விளையும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.