மதினிக்குக் கொடுத்த வாக்கு

ஊசிமுனை இல்லாத சின்னச் சிரிஞ்சு அது. என் தங்கை தன் கைக்குழந்தையின் கன்னத்துக்குள் அதை வைத்து, பாணி மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். குழந்தை விழுங்கிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். கர்ப்பகாலக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அவள் கணவரான மச்சானுக்கும் இருந்தது. குழந்தைக்குத் தொற்றாமலிருக்கத்தான் அந்த மருந்து. தாய்ப்பால் கூடாது, பால்மா மட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்த என்னோடு சேர்த்து, குடும்பத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். தங்கையின் சம்மதத்துடன், ஆள் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறேன்.

மாத்தளை நகரில் மச்சானின் குடும்ப வீடு அது. அடுத்த அறையில் அவருடைய அக்கா, எங்களுக்கு மதினி, தன் ஆண் குழந்தையோடு இருந்தார். மருந்து மஞ்சள் காமாலைக்கு என்றோம், நம்பினார். தங்கைக்குப் பால் ஊறவில்லை என்றோம், அதையும் நம்பினார். வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு பகல் குழந்தை வீரிட்டு அழ, மதினி வந்து கைகளை நீட்டினார்.

"தா புள்ள இங்க. எனக்கு ரெண்டு புள்ளைக்குப் பால் ஈக்கிது. பால்மாவக் கரைச்சுக் கரைச்சு ஊத்துறீங்களே, இதென்ன கண்டுக்குட்டியா?"

குழந்தைக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால், பால் கொடுப்பதால் மதினிக்கும் ஏதாவது வந்துவிடுமோ என்று தங்கை பயந்தாள். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு சட்டென்று ஒன்றைச் சொன்னாள்.

"வேணாம் மதினி. ஒங்கட பாலக் குடிச்சா ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க ஆயிடுவாங்க. பொறகு நிக்காஹ் செய்ய ஏலாதே. ஒங்கட மகன நான் மருமகனா எடுக்கப் பாக்கிறேன்."

எங்கள் மார்க்கத்தில் பால் உறவும் இரத்த உறவு போலத்தான். மதினி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி கள்ளி! புள்ள பெத்து நாப்பது நாள் கழியல்ல, அதுக்குள்ள மாப்பிள்ள புடிச்சிட்டா!"

குழந்தைக்குத் தொற்றவில்லை. கடைசிப் பரிசோதனை முடிவு வந்த அன்று தங்கை தொழுகை விரிப்பிலிருந்து நெடுநேரம் எழவில்லை. அதற்குள் மதினி சம்பந்தத்தைச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

இப்போது தங்கையின் மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் ஏ.எல். படிக்கிறாள். கம்பஸ் போய்ப் பட்டம் எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மதினியின் மகன் தம்புள்ளையில் மரக்கறி வியாபாரம் பழகுகிறான். குறை சொல்ல முடியாத பிள்ளை. மறுப்பதற்கு அதுவும் ஒரு தடை. போன வெள்ளிக்கிழமை, நானும் அங்கிருந்தபோது, மதினி மோதிரத்தோடு வந்தார். தங்கை தயங்கியதும் அவர் முகம் மாறியது.

"அன்னைக்கி இதுக்காகத்தானே புள்ள என் பாலையே வேணாம்னீங்க? இல்லன்னா வேற என்னத்துக்கு?"

மோதிரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார். கேட்டுக்கொண்டிருந்த மகள், தாயின் முன்னால் வந்து நின்றாள்.

"உம்மா, மாமிக்கிட்ட அந்தப் பாலக் குடிக்க விட்டிருந்தா நான் இன்னைக்கித் தப்பியிருப்பேனே. ஏன் விடல்ல?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"போய்ப் படி மகள்," என்றாள்.

மகள் போகவில்லை.