வெள்ளி விழவில்லை

ஒன்பது வயதில் எனக்குச் சாத்தான் வேஷம் கிடைத்தது. நான் கேட்டு வாங்கவில்லை. கேள்வி கேட்டதால் கிடைத்தது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் போகும் வழியில் எங்கள் குப்பம். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போவார். அம்மா மீன் விற்பாள். குப்பத்தில் எல்லோருக்கும் அம்மன் கோயில்தான். அம்மா மட்டும் ஒரு வருடமாக ஞாயிறுதோறும் சாலையோர ஜெபவீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அங்குள்ள கேட்டில் ஒட்டிவிட்டு உள்ளே போவாள், திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வாள். அப்பா அதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார்.

அம்மாவுக்கு நல்ல குரல். தெருவெல்லாம் "ஏ மீனு!" என்று கூப்பிட்டுப் பேரம் பேசியவளை அங்கே "சிஸ்டர்" என்றார்கள். பாட்டை எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். மே மாதக் கடைசி ஞாயிறன்று அவளுக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. அதற்காக ஒரு வெள்ளைப் புடவையை வாங்கி, பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்தாள்.

அந்த மே மாதம்தான் பிள்ளைகளுக்கு விடுமுறை வகுப்பு நடத்தினார்கள். நான் போனது பிஸ்கட்டுக்காக என்பதை மறைப்பானேன். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்த டீச்சரக்கா, உலகத்தில் கெட்டது எப்படி வந்தது என்று கதை சொன்னாள். வானத்தில் தேவதூதர்களுக்குள்ளே அழகான ஒருவன் இருந்தானாம். கடவுளுக்குச் சமமாக உட்கார ஆசைப்பட்டு, கீழே தள்ளப்பட்டு, சாத்தான் ஆனானாம். அவன் பெயர் விடிவெள்ளி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் விடிவெள்ளி என்றால் கிட்டத்தட்ட சொந்தக்காரர் மாதிரி. படகில் கூடப் போகும் அண்ணன் கையில் ஜி.பி.எஸ். இருந்தாலும் அப்பா வெள்ளி முளைப்பதைப் பார்த்துத்தான் படகைத் தள்ளுவார்.

"அவனுக்குள்ள அந்தப் பெருமைய யாருக்கா வெச்சது?" என்று கேட்டேன்.

டீச்சரக்கா கொஞ்சம் யோசித்தாள். "இந்த மாதிரி கேள்வியெல்லாம் அவன்தான் கேக்கச் சொல்வான்" என்றாள். மறுநாள் நாடகத்துக்கு ஆள் பிரித்தபோது சாத்தான் நான்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வெள்ளி விழுந்துவிட்டதா என்று கேட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"காத்தால கூட பாத்தேனே. நல்லாத்தான கீது. யாரு சொன்னா வுழுந்துட்ச்சின்னு?"

எனக்கு அது போதும்.

நாடகத்தன்று ஜெபவீடு நிறைந்திருந்தது. முன்வரிசையில் அம்மா. ஜிகினா ஒட்டிய இறக்கையோடு பெஞ்சின்மேல் நின்றேன். மிகாவேல் தூதனாக வந்த எதிர்வீட்டுப் பையன் அட்டைக் கத்தியால் குத்தியதும் நான் பாயில் விழவேண்டும், மேலே கறுப்புத் துணி போர்த்துவார்கள். அவன் குத்தினான். நான் நின்றேன். மறுபடியும் குத்தினான்.

"வுழுடி" என்று பல்லைக் கடித்தான்.

"வுழ மாட்டேன். வெள்ளி வுழல. எங்கப்பா பாத்துகினுதான் கீறாரு!"

சிரிப்பு எழுந்து அடங்கியது. பாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையில் மைக் இருந்தது. "பாத்தீங்களா, பெருமை இப்படித்தான் பேசும்" என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்களே சொல்லுங்க உங்க பொண்ணுக்கு. அந்த விடிவெள்ளி சாத்தான்தான்னு."

அம்மா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். மீன் விலையில் யாராவது வம்பு செய்தால்தான் அப்படிச் செருகுவாள்.

"அது எப்படிங்க சொல்றது? அத்தப் பாத்துத்தான் எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போறாரு, வூடு வந்து சேர்றாரு. அத்தப் போயி சாத்தான்னு சொல்லிட்டு எந்த வாயால சோறு துன்றது?"

"ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்தார்கள். நான் மட்டும் பெஞ்சைவிட்டு இறங்காமல், கண்ணைத் திறந்துகொண்டே நின்றேன். இப்போதும் நான் அதே கட்சிதான். கெட்டது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எங்கள் வீட்டுக்கு வழி காட்டியதன்மேல் அந்தப் பழியைப் போட யார் வந்தாலும் விழமாட்டேன்.

வெளியே வரும்போது பாஸ்டர் அம்மாவிடம் தணிந்த குரலில், "ஞானஸ்நானம் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் சிஸ்டர், விசுவாசம் உறுதிப்படட்டும்" என்றார். அம்மா தலையாட்டினாள். இறக்கையை வீட்டுக்கு எடுத்துப்போக விடுவார்களா என்பதுதான் எனக்கு அப்போது கவலை.

கடைசி ஞாயிறு வந்தது. அம்மா அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"போவலியாம்மா?"

"இன்னிக்கு மீன் ஜாஸ்திடி."

கூடையில் நாலைந்து கிழங்கா மீன்தான் கிடந்தன. ஜெபவீட்டு ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்தது. வேறு யாரோ எடுத்துக்கொடுத்தார்கள், சுருதி சேரவில்லை. அம்மாவின் கை நின்றது. பாட்டு முடியும்வரை அந்த மீனைக் கையிலேயே பிடித்திருந்தாள்.

"நாமதான ஜெயிச்சோம், இல்லம்மா?" என்றேன்.

"ஆமாண்டி" என்றாள்.

நான் சந்தோஷமாகக் கடற்கரைக்கு விளையாட ஓடினேன்.