பால்மா டின்னில் குடிபோன நாணயங்கள்

வீடு மாறும்போது நாணயச் சேகரிப்பை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று போனில் ஏழெட்டு வீடியோ பார்த்தேன். ஒன்றோடொன்று உரசக் கூடாது, ஈரம் படக் கூடாது, முக்கியமாக யாருக்கும் தெரியக் கூடாது. அந்தக் கடைசி விதியைச் சொன்ன மகான், சுவரோடு சுவர் ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு நாளும் குடியிருந்திருக்க மாட்டார். அக்கரப்பத்தனையில் நான் பஞ்சுப் பொட்டலம் வாங்கிய அன்றே எங்கள் லயத்தின் பத்துக் காம்பரா வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது.

நாலு மூலை ஐந்து சதம், ஓரம் நெளிந்த இரண்டு சதம் என்று எல்லாவற்றையும் தனித்தனியாகச் சுற்றினேன். அவற்றில் ஒரு பித்தளை வில்லையும் இருந்தது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் துரைமார் கூலிக்குப் பதிலாகக் கொடுத்தது. மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது அப்பாவின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அவர் எனக்கு விட்டுப்போன வீடு, நிலம், நகை எல்லாம் அது ஒன்றுதான். மற்றவை தொலைந்தால் கோபம் வரும், அது தொலைந்தால் அழுதுவிடுவேன். அதனால் அதற்கு மட்டும் இரட்டைப் பஞ்சு.

எல்லாவற்றையும் ஒரு பால்மா டின்னில் அடைத்து, லொறியின் முன்சீட்டில் மனைவியின் மடியில் வைத்தேன். இருபது வருடமாக என்னையே சகித்தவள் ஒரு டின்னைச் சகிக்க மாட்டாளா? கயிறு போதவில்லை என்று டிரைவர் சொன்னதால், கயிற்றின் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. பின்னால் ஏறி அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மழை வேறு. நாணயங்கள் நனையாமல் முன்னால் போயின. அவற்றின் சொந்தக்காரர் தெப்பமாக நனைந்துகொண்டு பின்னால் போனார்.

வழியில் ஒரு வளைவில் முனியாண்டி கோயில். எங்கள் பக்கத்து டிரைவர்கள் அங்கே நிறுத்தி உண்டியலில் காசு போடாமல் வளைவைத் தாண்ட மாட்டார்கள். எங்கள் லொறியும் நின்றது. பொறுப்பான டிரைவர்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

டிக்கோயாவில் இறங்கியதும் நான் புது வீட்டைப் பார்க்கவில்லை. டின்னைத்தான் திறந்தேன். இரட்டைப் பஞ்சு இருந்தது. வில்லை இல்லை.

"அந்தப் பித்தளை எங்க?"

"முனியாண்டிக்குப் போட்டேங்க" என்றாள் மனைவி, வெகு சாதாரணமாக. "என் பை பின்னால மூட்டைக்குள்ள போயிருச்சு. டிரைவர் காசு போடுங்கக்கான்னாரு. கையில இந்த டின்னுதானே இருந்துச்சு."

"அதுக்கு அதையா போடுவ? நாலு மூலைக் காசு கண்ணுல படலயா?"

"நீங்க எத ரொம்பப் பொத்தி வச்சீங்களோ அதுதானே ஒசத்தி? சாமிக்குப் போயி மட்டமானதப் போடுவாங்களா?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு வீடியோவும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனவே கத்தினேன். கோயில் தலைவரைப் பார்ப்பேன், உண்டியலைத் திறக்கவைப்பேன் என்று குதித்தேன். சாமான் இறக்க வந்தவர்கள் அலுமாரியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக வேடிக்கை பார்த்தார்கள்.

"அப்படி என்ன பெரிய வேண்டுதல் ஒனக்கு? டின்னு பத்திரமா வரணும்னா?" என்று நான் விடவில்லை.

"டின்னு என் மடியில இருந்துச்சு. அதுக்கு எதுக்கு வேண்டணும்?" என் ஈரச் சட்டையின் பொத்தானைக் கழற்றத் தொடங்கினாள். "ஒவ்வொரு வளைவுலயும் நீங்க அலுமாரியோட சாயுறது சைட் கண்ணாடியில தெரிஞ்சுச்சுங்க. நீங்க முழுசா வந்து சேரணும்னுதான் வேண்டுனேன்."

டின்னை மூடி வைத்தேன். அப்பாவின் சொத்து போனதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்த வளைவைத் தாண்டி எத்தனையோ தடவை பஸ்ஸில் போய்விட்டேன், ஒரு தடவையும் இறங்கிக் கேட்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால், அதற்கு முனியாண்டி கொடுத்ததையும் திருப்பித் தரவேண்டி வருமே.