பலகையில் இல்லாத குறடு

யாரையும் எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காத ஒரு விமானத்தை எதற்காகப் பறக்க வைக்க வேண்டும்? ஜெபரத்தினத்தின் கடைசி வேலை முழுவதும் இந்தக் கேள்விக்கு முன்னால்தான் நடந்தது. கேட்டவர் அவருடைய மனைவி தேவசுந்தரி. ஜெபரத்தினமோ முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "தண்ணி காஞ்சுதா பாரு" என்பார்.

விமானப்படையின் பழுது பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றுத் திருத்தணிக்குத் திரும்பியவர் அவர். பைபாஸ் ரோட்டில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லின் சொந்தக்காரர் முரளிதரன், ஒரு பழைய டைகர் மாத்தை ஏலத்தில் எடுத்து மில்லுக்குள் போட்டிருந்தார். உலகப் போர்க் காலத்தில் விமானிகள் பறக்கப் பழகிய விமானம். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை இறக்கை, மரச்சட்டத்தின்மேல் துணி. இரண்டு வருடத்தில் பறக்க வைத்துவிடலாம் என்று ஜெபரத்தினத்தை அழைத்தார். பள்ளிப்பட்டுத் தச்சர் பங்காரு துணைக்கு வந்தார். இரண்டு வருடம் எப்போதோ கடந்துபோயிற்று. கரையான் அரித்த சட்டத்தை மாற்றினால், அதை ஒட்டிய சட்டமும் கையோடு வந்தது. பார்க்க வந்த ஒருவர், "எல்லாம் புதுசா போட்டுகினு இருக்கீங்களே, இதுல பழசு எதுங்க?" என்று கேட்டார்.

"நம்பர் தகடு. அப்புறம் நானு" என்றார் ஜெபரத்தினம்.

மில் சுவரில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு கருவியும் அதன் ஆணியில் தொங்கும். அதைச் சுற்றி அதன் உருவமே கறுப்புக் கோடாக வரையப்பட்டிருக்கும். கோடு மட்டும் இருந்து கருவி இல்லையென்றால், அது விமானத்துக்குள் கிடக்கலாம். கிடைக்கும்வரை விமானம் நகரக்கூடாது. படையிலிருந்து அவர் கையோடு ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

அந்த வருடம் ஆகஸ்டு பதினைந்தன்று பறக்கவிடுவதாக முரளிதரன் நாள் குறித்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்துவிட்டால் ரோட்டில் டிரெய்லர் போகாது. அதற்கு முன்பே விமானத்தை ஓடுதளத்துக்கு அனுப்ப ஏற்பாடு ஆயிற்று. இறக்கைகளில் துணி தைத்து, துணியை விறைக்க வைக்கும் டோப் என்ற பூச்சைப் பூசி இழுத்தாயிற்று. விரலால் சுண்டினால் மேளம்போல ஒலித்தன. பறக்கத் தகுதியானது என்று ஜெபரத்தினம் போட வேண்டிய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதோடு வேலையை விட்டுவிடுவதாக தேவசுந்தரியிடம் சொல்லியிருந்தார்.

டிரெய்லர் வருவதற்கு முந்தின நாள் ஒரு கம்பியை முறுக்க, பார்க்காமலே பலகைப் பக்கம் கையை நீட்டினார். கைக்கு வெறும் பலகை பட்டது.

"மூக்குக் குறடு எங்கடா?"

"எல்லாம் மாட்டித்தான கீது நைனா. ஒரு கோடு கூட காலி இல்ல பாரு" என்றார் பங்காரு.

உண்மைதான். காலியாக ஒரு கோடும் இல்லை. ஜெபரத்தினம் பலகையின் வெள்ளையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுக்கு எப்போ பெயிண்ட் அடிச்ச?"

"மொதலாளியோட விருந்தாளிங்க விமானத்தைப் பாக்க வந்தாங்களே, அப்போ. அழுக்கா இருந்துச்சுன்னு ஆணியெல்லாம் பிடுங்கி, பூரா வெள்ளை அடிச்சிட்டு, மாட்டியிருந்ததை எல்லாம் திரும்ப மாட்டி, சுத்திப் புதுசா கோடு போட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் பங்காருவின் குரல் இறங்கிவிட்டது. அன்று பலகையில் இல்லாத கருவிக்குக் கோடும் இல்லாமல் போயிற்று. அதற்கு மறுவாரம்தான் கீழ் இறக்கைகளைத் துணியால் மூடினார்கள்.

முரளிதரன் வந்தார். "வயசாச்சு சார் உங்களுக்கு. அப்படி ஒரு குறடே இருந்ததோ என்னவோ."

"இருந்துச்சுங்க. கீழ் இறக்கைக்குள்ள கிடந்து, மேல போனப்புறம் திருப்பற கம்பில மாட்டிச்சுன்னா, ஓட்டறவர் வண்டியைத் திருப்ப முடியாது."

"இல்லைன்னா?"

"இல்லைன்னு பாக்கணும்."

"கையெழுத்துப் போட வேற ஆள் கிடைப்பாங்க."

"ஆங். கிடைப்பாங்க" என்றார் ஜெபரத்தினம். கத்தியை எடுத்து வலது கீழ் இறக்கையின் துணியை நீளவாக்கில் அறுத்தார். மாதக்கணக்கான தையல் அது; அவரும் பங்காருவும் இறக்கைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து ஊசியை மாற்றி மாற்றி வாங்கித் தைத்தது. முரளிதரன் டிரெய்லர்காரருக்குப் போன் செய்ய வெளியே போனார். வலதில் ஒன்றுமில்லை. இடதையும் அறுத்தார். அதிலும் மரத்தூளும் செத்த பல்லியும்தான்.

இரண்டு நாள் கழித்து, பங்காரு தன் பைக்கின் சீட்டைத் தூக்கிக் காற்று வடிப்பானைத் துடைக்கப் போனார். அதன் அடியில் குறடு இருந்தது. எப்போதோ கிளட்ச் ஒயரைச் சரிசெய்ய எடுத்தது. கொண்டுவந்து நீட்டியபோது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அப்போ அறுத்ததெல்லாம் வீணா?" என்று கேட்டார் முரளிதரன்.

"ஆங். வீணுதான்" என்ற ஜெபரத்தினம் நூலுக்கு மெழுகு தடவ உட்கார்ந்தார்.

அந்தக் காரியத்தைப் பெரிதாகப் பாராட்ட ஒன்றுமில்லை. உள்ளே எதுவும் இல்லை. அறுக்காமல் அனுப்பியிருந்தாலும் விமானம் பறந்திருக்கும். ஆனால் அறுத்த நாளில் அது யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்தான் என்பதைத்தான் பார்க்க முடிகிறது. விளைவை வைத்து அளந்தால் அவர் தோற்றவர்தான். வீட்டிலும் அப்படித்தான் அளக்கப்பட்டார். "இதோட விட்டுடறேன்னு சொன்னியே, உன் நாக்குல தைலம் தடவணும்" என்றார் தேவசுந்தரி.

மறுபடி தைத்து முடித்து, தை மாதம் ஜெபரத்தினம் கையெழுத்துப் போட்டார். விமானம் எழுந்தது, ஓடுதளத்தை இரண்டு சுற்றுச் சுற்றி இறங்கியது. எல்லாரும் வானத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் அது தரையைத் தொடும்போது சக்கரங்களை மட்டும் பார்த்தார். முரளிதரன் மாலை போட வந்தபோது, கால் வலிக்கிறது என்று நாற்காலி கேட்டார்.

மறுநாள் மில்லில் தன் பொருள்களை எடுத்துக்கொள்ள வந்தவர், பலகையில் பழைய இடத்தில் ஒரு ஆணி அடித்து மூக்குக் குறட்டை மாட்டினார். பங்காரு உடனே கறுப்புப் பெயிண்டும் பிரஷ்ஷுமாக வந்து நின்றார்.

"தள்ளிக்க நைனா, கோடு போட்டுடறேன்."

"அதுக்கு மட்டும் வேணாம்."

"அப்புறம் காணாமப் போனா எப்படித் தெரியும்? இன்னாத்துக்கு வேணாங்கிற?"

ஜெபரத்தினம் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். மற்றக் கருவிகள் எல்லாவற்றுக்கும் கோடு இருக்கிறது. அந்தக் குறட்டைச் சுற்றி இன்றும் வெறும் வெள்ளைதான்; வேலை முடிந்ததும் பங்காருவின் கண் முதலில் தேடுவது அதைத்தான்.