மீதி நாலு பேர்

"அக்கா, உங்க போனை ஒரு நிமிஷம் குடுங்களேன்" என்று கன்னிகா கேட்டதும், கொய்யாக்கூடைக்காரி போனை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள். பாகாலாவிலிருந்து திருப்பதிக்குப் போகும் காலை ரயிலில் புதிதாக ஏறுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். பழகியவர்கள், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீட்டிவிடுவார்கள். இன்ஷூரன்ஸ்காரி என்றும், சர்வே எடுக்கிற சர்க்கார் ஆள் என்றும், கொஞ்சம் கழன்ற கேஸ் என்றும் அவளைப் பற்றி அந்தப் பெட்டியில் மூன்று கட்சிகள் உண்டு.

கொய்யாக்காரி மனம் இளகுவதற்குள் சந்திரகிரி நெருங்கிவிட்டது. போன் கைக்கு வந்ததும் கன்னிகா அதில் தன்னுடைய பக்கம் ஒன்றைத் திறந்தாள். இருபது கட்டங்கள். போனில் இருக்கும் பிரவுசருக்குப் புரிகிற புது வித்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் பச்சையாகும். புரியாதது வெள்ளையாகவே நிற்கும். எண்ணிப் பார்த்து, கோடு போட்ட நோட்டில் குறித்துக்கொண்டு, துப்பட்டாவால் திரையைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஏழு பச்சை. கொய்யாக்காரியின் முகம் வாடிப்போனது. மார்க் உங்களுக்கு இல்லக்கா, போனுக்கு என்று கன்னிகா சமாதானம் சொல்லி இரண்டு பழம் வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தைந்து வயது கன்னிகாவுக்கு. மற்றவர் தோப்பில் மாமரம் ஏறிக் காய் பறித்த நைனாவின் மூத்த மகள், தெலுங்கில் படித்து, இங்கிலீஷில் வேலை செய்து, தமிழில் திட்டுகிறவள். அலிபிரி சாலையில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய கம்பெனி. ஐந்தே பேர். லாட்ஜுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் வெப்சைட் செய்து கொடுப்பார்கள். அதில் கஷ்டம் என்னவென்றால், பிரவுசர் செய்கிற பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில்லை. ஒன்றில் நிமிர்ந்து நிற்பது இன்னொன்றில் சரிந்து விழும். விழாமல் இருக்க இவள் ஒட்டுப்போட வேண்டும். பாதி உத்தியோகம் ஒட்டுப்போடுவதிலேயே போகிறது.

ஒவ்வொரு ஒட்டுக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதிவைப்பாள். முதலாளி ஹரிபாபுவுக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், எழுத்தில் பார்த்தால் குழம்பும்; அவருக்குப் புரியக்கூடாது என்பதற்காகத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். 'அடுத்த வெர்ஷன்ல அவங்களே செய்றாங்களாம், அது வந்ததும் நீ கெளம்பு' என்பது ஒன்று. 'நீ வந்து அஞ்சு வருசம் ஆச்சு, வெக்கமா இல்ல?' என்பது இன்னொன்று. விருந்துக்கு வந்து வீட்டோடு தங்கிவிட்ட சொந்தக்காரர்களிடம் பேசுகிற தொனி அது. கோபம் மாதிரி இருக்கும், கோபம் இல்லை.

இப்போது அந்தப் பெரிய கம்பெனிகள் வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பேசி, இன்னின்னதை எல்லாரும் ஒரே மாதிரி செய்வோம் என்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலை அவள் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்ப்பாள். புது வெர்ஷன் வெளியாகும் நாளில் பொழுது விடிந்ததிலிருந்தே கால் தரையில் பாவாது. என்னென்ன வந்திருக்கிறது என்று வரி வரியாகப் படித்து, காத்திருந்தது ஒன்று வந்துவிட்டால் ஆபீசுக்கே மிளகாய் பஜ்ஜி வாங்கி வருவாள். ஹரிபாபு பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரசவம் சுகமா, பிள்ளை ஆணா பெண்ணா என்று தெலுங்கில் விசாரிப்பார்.

ஒரு வித்தை எத்தனை பேருடைய போனில் வேலை செய்யும் என்று சொல்ல உலகளாவிய அட்டவணைகள் இருக்கின்றன. தொண்ணூற்றாறு சதவீதம் என்று வந்தால் மற்றவர்கள் தைரியமாக இறங்கிவிடுவார்கள். கன்னிகா இறங்கமாட்டாள்.

"உலகத்துல நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர் சார். மீதி நாலு பேரும் எங்க பாகாலா வண்டியிலதான் வந்துக்கினு இருக்காங்க" என்பாள்.

இந்த ஜாக்கிரதை அவள் கூடப் பிறந்ததல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

பாகாலாவுக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஆலை இருக்கிறது. சீசனில் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் முந்நூறு பேர் பழம் தரம் பிரிக்க வருவார்கள். மறுநாள் யார் யாருக்கு வேலை என்று தினமும் நாலு மணிக்கு ஒரு வலைப்பக்கத்தில் பட்டியல் போடுவார்கள். பெயர் இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் வீட்டில் இருக்கலாம். அந்தப் பக்கத்தை எழுதியவள் கன்னிகாதான்.

ஆறு வருடமாக அவள் காத்திருந்த ஒரு வசதி அந்த மாதத்து வெர்ஷனோடு கடைசிப் பிரவுசருக்கும் வந்து சேர்ந்தது. அன்று மத்தியானமே ஒட்டுப்போட்ட இருநூறு வரியை அழித்தாள். அந்த இடத்தில் பதினோரு வரி எழுதினாள். ஆபீசில் இருந்த ஐந்து போனிலும் பூ மாதிரி திறந்தது. புது வெர்ஷன் ஏறாத பழைய போன்கள் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் மறந்துபோனாள். அந்தப் பதினொன்றில் ஒரு வரி புரியாமல் போனதால், பழைய பிரவுசர்கள் மொத்தத்தையும் கீழே போட்டுவிட்டு வெள்ளையாக நின்றன.

முப்பது பெண்களின் போனில் ஐந்து நாள் வெறும் வெள்ளைதான். இருபத்தொன்பது பேர் ஆலைக்கு போன் அடித்துக் கேட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்கள். பத்மினி என்று ஒருத்தி மட்டும் யாரையும் கேட்கவில்லை. பெயர் இல்லை போலிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டு, ஆறாம் நாள் வாசலில் வந்து நின்றபோது அவள் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று. எனக்கு போன் பார்க்கத் தெரியவில்லையம்மா என்று மேற்பார்வையாளர் கல்பனாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாளாம். கல்பனா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்ட கன்னிகாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பக்கத்தைச் சரிசெய்யப் பத்து நிமிடம்தான் ஆனது. தப்பு செய்தவள் இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்க, வெட்கம் மட்டும் ஆள்மாறி அங்கே போய்விட்டதே என்பதுதான் அவளை அறுத்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து ரயிலில் போன் கேட்கத் தொடங்கினாள். பத்மினியைத் தேடிப் போய் உண்மையைச் சொல்லும் தைரியம் மட்டும் இரண்டு வருடமாக வரவில்லை.

இந்த வருடம் சீசனுக்கு முன்பு ஹரிபாபு பழைய ஒட்டுகளையெல்லாம் தூக்கிவிடச் சொன்னார். வரப்போகிற வெர்ஷனில் எல்லாமே இருக்கிறது, இன்னும் யாருக்காக இந்தச் சுமை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கன்னிகா மூன்று வாரம் உட்கார்ந்து ஆலையின் பக்கத்தை அடியிலிருந்து மாற்றி எழுதினாள். பிரவுசருக்கு எதுவுமே புரியாவிட்டாலும் பெயர்கள் மட்டும் வந்து நின்றுவிடும். புரிந்தவற்றுக்கு வண்ணம், வரிசை, தேடும் வசதி எல்லாம் மேலே வந்து சேரும்.

"முதல்ல எலையில சோறு விழணும் சார். அப்பளம் வந்தா சந்தோசம், வராட்டியும் துன்னலாம்" என்றாள். ஹரிபாபு தலையாட்டினார். அவருக்கும் பசி புரியும்.

அதற்காகப் புது வெர்ஷன் மீதிருந்த ஆசை அவளுக்குக் குறைந்துவிடவில்லை. என்றைக்காவது ஒருநாள் எல்லார் போனும் இருபதுக்கு இருபது பச்சையாகும் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கையைப் பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கும், பிடித்தும் போகும்.

சீசனின் முதல் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆலை வாசலுக்கே போனாள். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண்கள் லாரி எடைமேடை ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு மணி அடித்ததும் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி எழுந்து நேராக அவளிடம் வந்து, மூலை உடைந்த போனை நீட்டினாள்.

"போன் பாக்கற பொண்ணு நீதானாமே. என் பேரு வந்துக்கீதான்னு பாத்துச் சொல்லும்மா. எனக்குப் பாக்கத் தெரியாது. தெரியாமத்தான் ஒரு சீசனே போச்சி."

பெயர் என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள். பத்மினி என்றாள் அவள்.

பக்கம் ஒழுங்காகத் திறந்திருந்தது. வண்ணம் எதுவும் இல்லை. தெலுங்கிலும் தமிழிலும் கறுப்பு எழுத்தில் பெயர்கள் வரிசையாக நின்றன. வந்திருக்குக்கா என்று ஒரு வார்த்தை சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. அப்படிச் செய்துவிடுவோமோ என்று கன்னிகாவுக்குத் தன் மீதே பயமாக இருந்தது.

"அக்கா, உங்களுக்குப் பாக்கத் தெரியும்" என்றாள். "அன்னைக்கும் நீங்க சரியாத்தான் பாத்தீங்க. அதுல ஒண்ணுமே இல்ல. அந்தப் பக்கம் நான் எழுதுனது. உங்க போன்ல தெரியாத மாதிரி எழுதிப்புட்டேன். தப்பு எம்மேலக்கா."

பத்மினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் இருந்திச்சி" என்றாள் மெதுவாக. "சொன்னா சிரிப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. ரெண்டு வருசமா ஊர்ல ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்துக் குடுத்து கேட்டுக்கினு கீறேன்."

கன்னிகா மன்னிப்புக் கேட்டாள். அது பத்மினியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. போனைக் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, கட்டைவிரலைப் புடவையில் துடைத்து, தமிழ்ப் பெயர்களை உதட்டுக்குள் கூட்டிக் கூட்டிப் படித்தபடி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள். பன்னிரண்டாவது பெயரில் விரல் நின்றது. அப்படியே போனைத் திருப்பி, கன்னிகாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சற்று நேரத்தில் திரை மங்கியது. அந்த இடத்திலேயே விரலால் ஒரு தட்டுத் தட்டி, வெளிச்சம் வரவைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.