தில்லைநாயகம் வாங்கிய ஹெட்போன்

திருநெல்வேலி டவுனில் சங்கீதம் கேட்கத் தெரிந்தவர் யார் என்று தில்லைநாயகத்திடம் கேட்டால், யோசிப்பதுபோல் மோவாயைத் தடவுவார். தன்னைத் தவிர இன்னொரு பெயர் அகப்படாத வருத்தத்தோடு பேச்சை மாற்றிவிடுவார்.

நீர்ப்பாசன அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வேலை. முன்னோர்களின் வயல் கைமாறிப் பல காலம் ஆகியும், வரப்பில் நின்று ஆளை ஏவும் தோரணை மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது. அதைக் காட்ட அவருக்குக் கிடைத்த இடம் நாதாமிர்த சபை. கச்சேரியில் முன்வரிசையில் உட்காருவார். பாடகர் ஒரு இடத்தில் சறுக்கினால் இவருடைய இடது புருவம் ஏறும். பின்வரிசைக்காரர்கள் மேடையைப் பார்ப்பதைவிட அந்தப் புருவத்தைப் பார்ப்பது அதிகம். அது இறங்கியிருந்தால் தலையாட்டுவார்கள். ஏறியிருந்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். சபைத் தலைவர் குமரகுருபரன் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். அவருக்கு இந்தத் தொல்லையே இல்லை, கச்சேரி தொடங்கியதும் தூங்கிவிடுவார்.

சினிமாப் பாட்டு என்றால் தில்லைநாயகம் மூக்கைச் சுளிப்பார். பக்திப் பாட்டு கேசட்டுகள் என்றால் சிரிப்பார். வில்லுப்பாட்டு என்றால் பேசவே மாட்டார், கையால் ஈ ஓட்டுவதுபோல் ஒரு வீச்சு வீசுவார். அவ்வளவுதான் அதற்கு மதிப்பு.

அந்த வீச்சைப் பார்க்கும்போதெல்லாம் அவர் மனைவி கோமுவுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் டீச்சர் அவள். எந்தப் பையன் புத்தகத்துக்குள் எதை ஒளித்துப் படிக்கிறான் என்று கண்டுபிடிப்பது அவளுக்குக் கைவந்த கலை. வீட்டு பீரோவில், வேட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் கேசட்டுகள் அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? எல்லாம் வில்லுப்பாட்டு. எல்லாம் சீவலப்பேரிப் பாடகி சுடலைவடிவு பாடிய சுடலைமாடன் கதை. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு நடைபாதைக் கடையில், "ஆபீஸ் வாட்ச்மேன் கேட்டான்" என்று சொல்லிச் சொல்லி வாங்கியவை. அந்த அலுவலகத்தில் வாட்ச்மேன் வேலை காலியாகி வெகுநாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அவர் டேப் ரிக்கார்டரில் ஹெட்போன் செருகி உட்காருவார். பழைய ஹெட்போன், காதின்மேல் கறுப்புப் பஞ்சு வட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும் மலிவுச் சாமான். அவர் காதுக்குப் போவதில் பாதி வீட்டுக்கும் கேட்கும்.

"ஏங்க, மாடன் இன்னிக்கு எதுவரைக்கும் வந்திருக்கான்?" என்பாள் கோமு.

"எந்த மாடன்? நான் தோடி கேக்கேன்."

"தோடியில எப்ப இருந்து குடம் அடிக்காவ? அடுப்படியில தேங்கா துருவுறேன், என் கையே அந்தத் தாளத்துக்குத்தான் போகுது."

கோமுவுக்குத் தெரிவதில் அவருக்கு அவமானம் ஒன்றும் இல்லை. மனைவிக்குத் தெரிவதை ஊருக்குத் தெரிந்த கணக்கில் அவர் சேர்ப்பதில்லை. அப்படியே காலம் ஓடியிருக்கும். தொண்ணூற்றைந்தில் அடுத்த வீட்டுக்கு விஜயஸ்ரீ குடிவந்தாள்.

விஜயஸ்ரீ வீணை டீச்சர். அந்தத் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். போதாததற்குச் சபைக் கமிட்டியிலும் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கூட்டத்திலேயே, ஆண்டு விழாவில் ஒரு மாலை வில்லுப்பாட்டு வைக்கலாமே, சுடலைவடிவு குழுவைக் கூப்பிடலாமே என்றாள்.

எல்லோரும் தில்லைநாயகத்தின் புருவத்தைப் பார்த்தார்கள்.

"வைப்போம்மா, தாராளமா வைப்போம்," என்றார் அவர். "மறுநாள் கெடா வெட்டிப் பந்தியும் போட்டிருவோம். சபைன்னு பேரு எதுக்கு? கோயில் கொடைக் கமிட்டின்னு போர்டை மாத்திருவோம். என்னவே தலைவரே, நீரு சாமியாடுவீரா?"

தூக்கம் கலைந்த குமரகுருபரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. "கேட்டுட்டு அப்புறம் வேண்டாம்னு சொல்லுங்க ஸார்," என்றாள். "நான் எதுக்கும்மா கேக்கணும்? பானைய அடிச்சா பானைச் சத்தம்தான் வரும்," என்றார் இவர். அடுத்த மாதம் தில்லைநாயகம் வீட்டில் கூடி முடிவெடுப்பது என்று கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் வீணை வாசிக்கிற காது. இந்தப் பக்கம் பஞ்சு ஹெட்போன். குடத்தின் ஓர் அடி சுவரைத் தாண்டினால் போதும், இத்தனை வருஷம் புருவத்தால் கட்டிய பெயர் போய்விடும். வில்லுப்பாட்டை விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் அவருக்கு வரவில்லை. சத்தம் வெளியே போகாத ஹெட்போன் வாங்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஜங்ஷனில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர் மேலப்பாளையம் முகம்மது இப்ராஹிம். தில்லைநாயகம் கடையேறும்போதே ஒரு கேசட்டை நீட்டினார். கர்நாடகக் கச்சேரிதான், கடம் தனியாக வாசிக்கும் இடமாகப் பார்த்து நிறுத்திக் கொண்டுவந்திருந்தார். வில்லின் குடத்துக்குச் சபையில் சொல்லக்கூடிய சொந்தம் கடம் ஒன்றுதானே.

"ஹெட்போன் ஒண்ணு எடும். இதைப் போட்டு நீரு மாட்டும்," என்றார்.

"நானா? பாட்டு கேக்கப்போறது நீங்கல்லா அண்ணாச்சி?"

"சொன்னதைச் செய்யும்வே."

இப்ராஹிம் மாட்டிக்கொண்டார். தில்லைநாயகம் எட்ட நின்று காதைத் தீட்டினார். பிறகு ஒரு எட்டு கிட்டே வந்தார். பிறகு இப்ராஹிமின் கன்னத்தருகே தன் காதைக் கொண்டுபோனார். டார்ச் லைட் வாங்க வந்த ஒருவர், வேறு கடை பார்க்கலாம் என்று இறங்கிப் போனார்.

"சத்தம் கேக்கு. வேண்டாம்," என்றார் தில்லைநாயகம்.

அடுத்ததாக எடுத்த ஹெட்போனுக்குப் பின்பக்கம் சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. "இது ராஜா அண்ணாச்சி. ஒரு தடவ நீங்களே கேட்டுப் பாருங்க," என்று இப்ராஹிம் வற்புறுத்தியதால் மாட்டினார். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்ததுபோல் இருந்தது. கடம் ஒருபக்கம், மிருதங்கம் ஒருபக்கம், நடுவில் காற்று. அவர் வாழ்நாளில் கேட்ட மிகச் சுத்தமான சத்தம் அது. இப்ராஹிமிடம் மாட்டிவிட்டுக் கேட்டார். தெருவரைக்கும் ஒழுகிற்று.

"வேண்டாம்."

"ஏன் அண்ணாச்சி, கொறையா இருக்கா?"

"ஓட்டையா இருக்கு."

மூன்றாவது, பின்பக்கம் மூடியது. ஆனால் தலைக்குள் யாரோ நெல் குத்துவதுபோல் இடித்தது. நான்காவதும் மூடியதுதான். கறுப்பு நிறம், காதை முழுசாக விழுங்கும் ரெக்சின் மெத்தை, மண்டையை இரு பக்கமும் அமுக்கும் இறுக்கம். சத்தம் தானியப் பத்தாயத்துக்குள் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. டவுனிலேயே நல்ல காது உள்ளவர், இருந்ததில் நல்லதை ஒதுக்கிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தார். இதிலும் மெல்லிய கசிவு ஒன்று இருந்தது. இப்ராஹிம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கசிவு நின்றது.

"கண்ணாடிக் காம்பு இடுக்கு வழியாப் போகுது அண்ணாச்சி. நீங்களும் கழத்திட்டுக் கேளுங்க. பாட்டு கேக்கதுக்குக் கண்ணு எதுக்கு?"

மனிதர்கள் சொன்ன யோசனைகளில் தில்லைநாயகம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது அநேகமாக அது ஒன்றுதான்.

வீட்டில் கோமுவின் தலையில் மாட்டிவிட்டு வாசலில் போய் நின்று கேட்டார். முற்றத்தில் நின்றார். நடுச்சுவரில் காதை ஒட்டினார். ஒரு சத்தமும் இல்லை. திரும்பி வந்தபோது கோமு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"பாடுதவ நல்லாத்தான் பாடுதா. இதுக்கு எதுக்குங்க இப்பிடித் திருட்டுப் பூனை கணக்கா சுவரைச் சுத்தி வாரிய?"

"உனக்கு அது புரியாது."

"எனக்குப் புரியுது. அதான் சிரிக்கேன்."

கூட்டம் நடக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமை. கமிட்டி சாயங்காலம்தான் வரும். தில்லைநாயகம் சாப்பிட்டார், கேசட்டைப் போட்டார், ஹெட்போன் பின் முழுசாக இறங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். மெத்தை இரண்டும் காதோடு ஒட்டின. தெருச் சத்தம், கோமு பாத்திரம் கழுவும் சத்தம், எல்லாம் செத்தன. கண்ணை மூடினார்.

வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகி ஓர் அடி சொன்னால், பக்கத்தில் இருக்கும் துணைக்காரர்கள் "ஆமா" போட்டு அதை வாங்கவேண்டும். அந்த "ஆமா" விழாவிட்டால் கதை நகராது. கொடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சனமும் வாய்க்குள் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். தில்லைநாயகமும் எப்போதும் சொல்வதுண்டு, முனகலாக. பஞ்சு ஹெட்போனில் அவர் குரல் அவருக்கே கேட்கும், கேட்டதும் அடக்கிக்கொள்வார். இந்தப் புது ஹெட்போன் வெளியே இருந்த எல்லாச் சத்தத்தையும் தடுத்தது. அவர் குரலும் வெளிச் சத்தம்தான்.

ஏரலில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகவேண்டியிருந்ததால், கூட்டத்தை முன்னதாக முடித்துவிடலாம் என்று குமரகுருபரன் வெயிலோடு வந்துவிட்டார். வழியில் விஜயஸ்ரீயையும் அழைத்துக்கொண்டார். கதவைத் திறந்த கோமுவுக்குப் பின்னால், கூடத்திலிருந்து ஓர் ஆண் குரல் முழங்கியது.

"ஆமா!"

குமரகுருபரன் திடுக்கிட்டார். "யாரும்மா, விருந்தாளியா?"

"விருந்தாளி இல்ல ஸார், வீட்டுக்காரவியதான். உள்ள வாங்க. சங்கீதம் கேட்டுக்கிட்டு இருக்காவ."

ஓடிப்போய்க் கணவர் தோளைத் தட்டக் கோமுவுக்கு நேரம் இருந்தது. தட்டவில்லை. விசிறியைப் போட்டுவிட்டு, காப்பி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

கூடத்தில் தில்லைநாயகம் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் பித்தளைச் செம்பு. ஒரு கையில் கண்ணாடிக்கூடு. செம்பின் வாயில் கூட்டால் ஓங்கி ஓங்கி அடித்தார்.

"மயானத்துக்கே வந்துட்டான்... ஆமா! வேட்டைக்கி வந்துட்டான்... ஆமாமா! அப்பிடிச் சொல்லு தாயே!"

குமரகுருபரன் ஒரு கச்சேரியில் முதல்முறையாக முழு விழிப்போடு உட்கார்ந்திருந்தார். விஜயஸ்ரீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேசட்டின் ஒரு பக்கம் தீர்ந்து, பொத்தான் டக்கென்று எழும்பும்வரை யாரும் அசையவில்லை.

தில்லைநாயகம் பெருமூச்சோடு ஹெட்போனைக் கழற்றினார். கேசட்டைத் திருப்பக் கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, காப்பி வாசனை வந்த பக்கம் திரும்பினார்.

"நல்ல ஹெட்போன்வே," என்றார் குமரகுருபரன். "உள்ள பாடினவ சத்தம் ஒரு சொட்டு வெளிய வரல. நீரு பாடினதுதான் மேல ரத வீதி வரைக்கும் கேட்டிருக்கும்."

தில்லைநாயகத்தின் இடது புருவம் ஏறப் பார்த்து, பாதியில் நின்றது. செம்பைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். வேறொருவராக இருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பார்.

"ஒண்ணை எதிர்க்கணும்னா ஆதாரத்தோட எதிர்க்கணும்," என்றார் தொண்டையைச் செருமி. "கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு இந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. அதான் ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆராய்ச்சி ரொம்பச் சூடா இருந்துது."

விஜயஸ்ரீ முந்தானையை எடுத்தாள். கேலியே இல்லாமல், மாணவிக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "ஸார், நீங்க போடுற 'ஆமா' ஒரு தட்டு முந்தி விழுது. அந்தம்மா அடியை முடிச்சு மூச்சு விட்ட பிறகு விழணும். நான் அவங்க கூட உக்காந்து கேட்டிருக்கேன்."

வில்லுப்பாட்டு கேட்டதாகப் பிடிபட்டதைத் தில்லைநாயகம் சமாளித்துவிடுவார், ஆராய்ச்சி இருக்கிறது. தாளம் பிந்துகிறது, முந்துகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தீர்ப்புச் சொன்னவர் இதற்கு என்ன சொல்வது? பதில் தேடி வாயைத் திறந்தார். கோமு அதில் காப்பியை வைப்பதுபோல் டம்ளரை நீட்டினாள்.

"அப்ப கூப்பிடலாமாவே?" என்றார் குமரகுருபரன், ஏரல் பஸ்ஸை நினைத்துக்கொண்டு.

தில்லைநாயகம் காப்பியை ஊத ஆரம்பித்தார்.

"சொல்லுங்க," என்றாள் கோமு. "இவ்வளவு நேரம் கேக்காமலே சொன்னிய. இப்ப கேக்காவ, ஆமான்னு சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் இடத்தில் தன் பெயரைப் போடவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் ஜங்ஷன் கடையில் ஏறி, ஹெட்போனை மேஜைமேல் வைத்தார்.

"இது சரியில்ல. சத்தம் வெளிய போகுது."

இப்ராஹிம் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டினார். சத்தத்தைக் கூட்டினார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காதை வைத்துக் கேட்கச் சொன்னார்.

"ஒண்ணுமே கேக்கலியே அண்ணாச்சி. சரி, ஒருவேள உங்க தலைக்கு உக்கார மாட்டேங்குதோ என்னவோ. நீங்க மாட்டுங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டைப் போடுதேன். நாங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு கேக்கோம்."

நீட்டிய ஹெட்போனைத் தில்லைநாயகம் தொடவில்லை. அதைப் பகையாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கண்ணாடி அலமாரியில் இருந்த, பின்பக்கம் ஓட்டை ஓட்டையான ஹெட்போனைக் காட்டினார்.

"அது இன்னும் விக்கலியா?"